முப்பத்தேழாவது படம்

1986 என்று நினைவு. கார்த்திகை மாதம். அப்போது நான் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. கையில் ஒரு பழைய கேமரா, மனதில் பெரிய கலைஞன் என்கிற நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு ஏறிவிடுவேன்.

மலைக்கு வருகிறவர்கள் ஏரியையும் படகையும் படம் பிடிப்பார்கள். எனக்கு அதெல்லாம் இளப்பம். நான் சுவர்களைப் பிடிக்கிறவன். டீக்கடைச் சுவரில் எவரோ வரைந்த பசுமாடு, மழையில் பாதி கரைந்துபோன சர்க்கஸ் புலி, யாரும் ஒதுங்கக்கூடாதென்று மூலைச் சுவரில் வரைந்து வைத்த சாமி, வியூ பாயிண்ட் பாறைகளில் காதலர்கள் பெயின்டால் எழுதிவிட்டுப் போன பெயர்கள். இதையெல்லாம் தேடித்தேடி எடுப்பேன். ஆபீஸில் எனக்குச் 'சுவரொட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். கேமராவைக் கண்டால் பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும். எல்லாரையும் எடுத்தால் முப்பத்தாறு படம் உள்ள பிலிம் ரோல் என்னத்துக்கு ஆகும்? அதனால் ரோல் தீர்ந்த பிறகு வெறும் பொத்தானை அழுத்திக் 'கிளிக்' என்று ஒரு சத்தம் காட்டுவேன். பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடிவிடும். இதை ஒரு சாமர்த்தியமாக நினைத்து நண்பர்களிடம் பெருமையடித்ததும் உண்டு.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டம். லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் இருக்கிற சுவடே தெரியவில்லை. மூட்டம் விலகும் விலகும் என்று காத்திருந்து, பொறுமையில்லாமல் கடைசி நாலு படத்தையும் அந்த வெள்ளைப் புகை மேலேயே தீர்த்தேன். முப்பத்தாறும் முடிந்தது. ரோலைச் சுற்றி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டேன். பையில் புது ரோல் ஒன்று இருந்தது. அடுத்த வாரம் ஆபீஸ் நண்பன் கல்யாணத்துக்கென்று வாங்கியது. அதைப் பிரிக்க மனமில்லை. வெறும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற ஒண்டிக்கடை முக்குக்கு வந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று செம்மநத்தம் ரோட்டில் நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகள் வரிசையாக இருந்தன. முதல் வீட்டு வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஈர விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"ஏனுங்க, போட்டோ புடிக்கிறவருங்களா? எங்க ஊட்டுக்காரர ஒண்ணு புடிச்சுக் குடுங்க சார். புண்ணியமாப் போகுமுங்க."

கூட்டிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். அங்கே ஆள் யாரையும் காணோம். சுவரில் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. அதைச் சுருட்டி மேலே செருகினார். அடுப்புக்கரியில் வரைந்த ஓர் ஆணின் முகம், நிஜ முகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வகிடெடுத்த தலை, இறுக்கமாகப் பொத்தான் போட்ட காலர், ஒரு பக்கம் மட்டும் தூக்கின புருவம். நான் எத்தனையோ சுவர்களைப் பார்த்தவன். என்னைத் திரும்பிப் பார்த்த சுவர் அது ஒன்றுதான்.

எஸ்டேட்டில் போர்டு எழுதுவது, மரங்களுக்கு நம்பர் போடுவது எல்லாம் அவருடைய புருஷன்தானாம். ஒரு லீவு நாளில் சவரக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிழல் மரத்தில் கிளை கழித்துக் கவாத்துப் பண்ண ஏறினவர், கிளையோடு கீழே வந்துவிட்டார். ஆள் உயிரோடு இருந்தபோது யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

"கண்ணாடியப் பாத்து வரைஞ்சாருங்களா, மச்சம் இந்தப் பக்கம் வந்துருச்சுங்க. நெசத்துல அந்தப் பக்கம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம், ரோல் இல்லை என்று. அல்லது பையைத் திறந்து புது ரோலைப் போட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. வெளிச்சம் போதாது, எடுத்தாலும் சரியாக விழாது, கல்யாண ரோலை எதற்குப் பிரிப்பது, பஸ்ஸுக்கு வேறு நேரமாகிறது. ஒரு கிளிக் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

"ஒரு நிமிசம் இருங்க சார்" என்று அவர் உள்ளே ஓடினார். முகம் கழுவி, தலை வாரி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் சேலை. மடிப்புக்கூடக் கலையவில்லை. வந்து அந்த முகத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோள் நிற்கிற மாதிரி, அளவு பார்த்து நின்றுகொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதே இல்லையாம்.

அத்துடனாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு கண்ணை மூடி, லென்ஸைத் திருகி, "கொஞ்சம் நிமிந்து பாருங்கக்கா, லேசா சிரிங்க" என்று சொல்லி, பொத்தானை அழுத்தினேன். கிளிக்.

திரும்பி நடக்கும்போது அவர் பின்னாலேயே வந்து பொங்கல், வெள்ளையடிப்பு, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்று ஏதேதோ சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். என் விலாசத்தைக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பொய் விலாசம் கொடுக்கத் தோன்றவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த யோக்கியமான காரியம். நாலு கமலா ஆரஞ்சை முந்தானையிலிருந்து எடுத்து என் பையில் போட்டார். கீழே இறங்குகிற பஸ்ஸில் நாலையும் தின்று தீர்த்தேன்.

தை மாதம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் ஒரு போஸ்ட் கார்டு. வேறு யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. 'போட்டோ கழுவியாகிவிட்டதா, தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும், எஸ்டேட் ஆள் யாராவது சேலம் வரும்போது கொடுத்தனுப்பவும்' என்று இருந்தது. அன்றிரவு கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சரி, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, புது ரோலோடு போய் மறுபடி எடுத்துவிட்டால் தீர்ந்தது, மேகம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ரோலைப் போட்டு, சரியாகச் சுற்றுகிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

செம்மநத்தம் ரோட்டின் வளைவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. லைன் வீடுகள் முழுக்கச் சுண்ணாம்பு. அந்த மங்கலான வெயிலிலும் கண் கூசியது. பக்கவாட்டுச் சுவரில் சாக்குப் படுதா இல்லை. இரண்டு பூச்சு அடித்திருப்பார்கள் போல. கரி இருந்த இடம் எதுவென்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. "கொண்டாந்துட்டீங்களா சார்?" என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார்.

"ரெண்டு வருசமா இந்தச் செவுத்துல கை வெக்க உடலீங்க. ரைட்டரு நொம்பச் சத்தம் போட்டாரு. இந்தப் பொங்கலுக்குத்தான், அதான் போட்டோ புடிச்சாச்சே, அடிச்சுக்கங்கன்னு உட்டுட்டேனுங்க."

அங்கேயே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. கழுவும்போது ரோல் கெட்டுப்போய்விட்டது, ஒரு படம்கூடத் தேறவில்லை என்று சொன்னேன். அத்தனை சரளமாக வந்தது அந்தப் பொய்.

அவர் சுண்ணாம்பு பட்ட மண்ணைக் கால் விரலால் கிளறிக்கொண்டே நின்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குத்தான் இரக்கம் வந்தது.

"உடுங்க சார். நீங்க என்ன, வேணும்னுங்களா பண்ணுனீங்க?"

என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. உங்களையாவது ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையாட்டியவர், நான் கெஞ்சவும் போய் நின்றார். இந்தத் தரம் சேலை மாற்றவில்லை, தலை வாரவில்லை. சுவரின் நடுவில் நிற்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. போன தரம் எங்கே நின்றாரோ, அதே இடத்தில், பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு நின்றார். சிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோல் இருக்கிற கேமராவும் அதே சத்தம்தான் போட்டது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே கொண்டுபோனார். அதற்கப்புறம் அந்த ரோட்டுப் பக்கம் நான் போகவில்லை. கேமராவையும் அந்த வருஷமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளைச் சுவரும், ஓரமாக நிற்கிற ஒரு பெண்ணும். பார்க்கிறவர்கள், ஆள் ஏன் இப்படி ஒதுங்கி நிற்கிறார், எடுத்தவருக்கு எடுக்கத் தெரியவில்லையே என்கிறார்கள். நான் படத்தை வாங்கி உள்ளே வைத்துவிடுவேன். அந்தப் பெண் அன்று கேட்ட கேள்விக்குத்தான் இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. யாரிடமும் சொல்லாத அதை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்: ஆமாங்க அக்கா, வேணும்னுதான் பண்ணுனேன்.