மாப்பிள்ளை வீட்டார்

லண்டன் வெம்பிளியில், திருமணப் பதிவு அலுவலக வாசலில் தூறல் விழுகிறது. மணமகள் நைரோபியிலிருந்து வந்த குஜராத்திக் கடைக்காரரின் மகள். அவள் பக்கம் பட்டும் பளபளக்கும் கார்களும். மாப்பிள்ளை ரவூல் கியூபாக்காரர். அங்கே பொறியாளர், இங்கே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். அவர் பக்கம் நிற்பவர்கள், ஷிப்ட் முடித்த கையோடு கோட்டு மாட்டி வந்த யாழ்ப்பாணத்துச் சமையலறைக் கூட்டாளிகள்.

"அண்ணை, நீங்களும் இஞ்சால நில்லுங்கோ. மாப்பிள்ளை பக்கத்துக்கு ஆள் காணாது," என்று அவர்களில் ஒருவரான சிவராசா என்னை இழுக்கிறார்.

"நான் மெட்ராஸ்காரன்ங்க. பத்திரிகைக்கு எழுத வந்திருக்கேன்."

"பரவாயில்லை. எங்களுக்குக் கோயில் இருக்கு, கடை இருக்கு, சண்டை பிடிக்கச் சங்கங்களும் இருக்கு. மியாமியில தெருத்தெருவாக் கியூபாக்காரர். லண்டனில இவன் தனி. சொந்தமில்லாதவன்ர கலியாணத்துக்கு உள்ள வரமாட்டன் எண்டு பொம்பிளையின்ர தகப்பன் நிக்கிறார்."

தகப்பன் எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். "எல்லாரும் கியூபாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"வடக்குக் கியூபா," என்கிறார் சிவராசா.

தகப்பனின் மீசை துடிக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, உங்களில் மூத்தவர் யார்?"

எல்லா விரல்களும் என்னைக் காட்டுகின்றன. அவர் சம்பந்திக்கான மாலையோடு வருகிறார். எதையும் சரிபார்க்காமல் எழுதாத நான், மறுபேச்சின்றிக் கழுத்தை நீட்டுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே நடக்கிறார்.