மடிக்காத தையல்

படகில் ஏறும்போது ஆளுக்கு ஒரு பைதான். பந்தயப் படகில் எடை கூடினால் வேகம் குறையும் என்று பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டச் சொன்னார் கேப்டன் ஜெயராமன். எழிலரசி வெட்டிவிட்டாள். பையை மட்டும் மாற்றவில்லை. அது அவள் அப்பா சுப்பராயன் கூடாரத் துணியில் தைத்துக் கொடுத்தது. ஓரத்தை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, மேலே இரண்டு வரிசைத் தையல்.

சுப்பராயன் ஆவடியில் ராணுவத்துக்குத் தைக்கும் ஆலையில் கூடாரப் பிரிவில் இருந்தவர். அந்த வீட்டில் தலையணை உறையிலிருந்து பள்ளிக்கூடப் பை வரை எல்லாமே இரட்டை மடிப்புதான். தையல் என்றால் அதுதான் என்று நம்பியே எழிலரசியும் அவள் அண்ணன் குணசேகரனும் வளர்ந்தார்கள். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் போனான். தங்கை வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் சேர்ந்து, என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவுக்குப் போய், துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகினாள். ஆவடியில் ஏது கடல் என்று குவார்ட்டர்ஸில் சிலர் கேட்டதுண்டு. ஆவடியில் பாலைவனமும்தான் இல்லை, டேங்க் செய்யவில்லையா என்று குணசேகரன் பதில் சொல்லிவிடுவான்.

இப்போது அவள் போவது தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு, தென் அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கும் பந்தயம். படகில் எட்டுப் பேர். கிழிந்த பாயைச் சரிசெய்வது எழிலரசியின் பொறுப்பு. பிரேசில் வரைக்கும் பார்ப்பதாக ஜெயராமன் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். சரியாகச் செய்தால் அங்கிருந்து வடக்கே போகும் அடுத்த கட்டத்திலும் அவளே தொடரலாம். இல்லையென்றால், பாய்ப் பட்டறையில் தொழில் கற்ற ஒரு பெண் பிரேசிலில் ஏறிக்கொள்வாள்.

கடலில் நாள் என்று ஒன்று தனியாக இல்லை. நான்கு மணி நேரம் மேல்தளத்தில் வேலை, நான்கு மணி நேரம் உறக்கம், மறுபடி வேலை. படுக்கை இரண்டு பேருக்கு ஒன்று. எழிலரசி எழுந்த இடத்தில் கௌதம் விழுவான். அவன் எழுந்தால், ஈரமும் சூடும் மாறாத அதே இடத்தில் இவள். படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுவதால், உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு கட்டிக்கொள்ள வேண்டும். சாப்பாடு பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிக் கிளறுவது. எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் ருசி ஒன்றுதான். பூந்தமல்லிக்காரனான கௌதம் அதில் எலுமிச்சை ஊறுகாயைப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவான். குளிப்பது கடல்நீரில். உடம்பெல்லாம் உப்புப் பூத்துக்கிடக்கும்.

பாதிக் கடல் தாண்டியபோது காற்று பின்னாலிருந்து சீராக அடித்தது. அந்தக் காற்றுக்கென்றே ஒரு பாய் உண்டு. மெல்லிய நைலானில், படகின் முன்னால் பலூன் போல உப்பி நிற்கும். ஸ்பின்னக்கர் என்பார்கள். இவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மழை மேகம் கடந்தபோது திடீர்க் காற்றில் அது நடுவில் கிழிந்தது.

எழிலரசி அதை உள்ளே இழுத்துப்போட்டு, குடிதண்ணீரில் தன் பங்கைக் கொண்டு உப்பைக் கழுவி, உலர்த்தி, கையால் சுற்றும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். கிளம்புவதற்கு முன் கொடுத்த பயிற்சியில், கிழிசலின் மேல் ஒட்டுத்துணி ஒட்டி, ஓரத்தை மடிக்காமல், கோணல் கோணலாகத் தையல் போடச் சொல்லியிருந்தார்கள். அது அவசரத்துக்குச் செய்கிற வேலை என்று அவள் நினைத்திருந்தாள். நேரம் இருக்கும்போது ஓரத்தை அப்படிப் பிசிறாக விட அவளுக்கு மனம் வரவில்லை. ஒட்டுத்துணியின் ஓரத்தை இரண்டு முறை மடித்தாள். நெருக்கமாக, நேராக, இரண்டு வரிசை ஓட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இரும்பு மாதிரி இருந்தது.

பாய் ஏறியது. பொழுது சாய்வதற்குள் மறுபடி கிழிந்தது.

கௌதம்தான் அதை முதலில் பிரித்துப் பார்த்தான்.

"உன் தையல் ஜம்முனு கீது எழிலு. பாய்தான் கீஞ்சிட்ச்சி."

யாரோ சிரித்தார்கள். ஜெயராமன் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படகு அவர்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடியே சொன்னார்:

"இன்னொரு தடவை கிழிஞ்சா அந்தப் பொண்ணு ஏறிக்கும்மா. கிளம்பும்போதே சொல்லிட்டேன்."

"சரிங்க சார்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கௌதம் சொன்னதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. பாயை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். அவள் போட்ட தையலில் ஓர் இழைகூட விடவில்லை. அதை ஒட்டியிருந்த துணிதான் கோடு போட்டதுபோலக் கிழிந்திருந்தது. கூடாரம் முளையடித்து நிற்பது; எங்கும் விறைப்பாக இருந்தால்தான் மழை தாங்கும். இதுவோ ஒவ்வொரு காற்றுக்கும் மூச்சு விடுவதுபோல உப்பி அடங்குகிறது. சுற்றிலும் துணி நீண்டு கொடுக்க, நடுவில் அவள் மடிப்பு மட்டும் கட்டைபோல நின்றிருக்கிறது. இழுப்பெல்லாம் அதன் விளிம்பில் போய் விழுந்திருக்கிறது.

அவள் தன் தையலை அவளே பிரித்தாள். கெட்டியாகப் போட்டிருந்ததால் பிரிப்பது தைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இருந்த ஒட்டுத்துணியில் பெரும்பகுதி முதல் தடவையே தீர்ந்திருந்தது. மிச்சத்தை மூலைகள் கூர்மையாக இல்லாமல் வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டி, பயிற்சியில் சொன்னபடியே கோணல் தையலை ஓட்டினாள். மடிப்பில்லாத ஓரத்தைப் பார்க்கப் பார்க்க, வேலையைப் பாதியில் விட்டு எழுந்ததுபோலக் கை குறுகுறுத்தது. கௌதம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா எழிலு, புள்ளைங்க கிறுக்கின மாதிரி கீது?"

"அப்படித்தான் இருக்கணும். கயித்தைப் பிடி."

மறுநாள் காலை பாய் ஏறியது. சுக்கானைப் பிடித்தவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள். எழிலரசி ஒட்டுப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மழை மேகம் வந்தபோது, பாயை இறக்கட்டுமா என்று கௌதம் கேட்டான். ஜெயராமன் எழிலரசியைத் திரும்பிப் பார்த்தார். இருக்கட்டும் சார் என்றாள். காற்று ஓங்கி அடித்தது. பாய் உப்பியது. ஒட்டும் கூடவே உப்பி, கூடவே அடங்கியது.

பிரேசில் கரை தெரியும்வரை அந்தப் பாய்தான் இழுத்தது. தாண்டிப்போன படகைப் பிடிக்க முடியவில்லை, நான்காவதாகச் சேர்ந்தார்கள். கரையில் இறங்கிய ஜெயராமன் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, நூலும் ஒட்டுத்துணியும் என்னென்ன வாங்க வேண்டும் என்று எழிலரசியிடம் கேட்டார். அந்தப் பெண் வரப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா ஓய்வு பெற்றபின் குடிபோன பாரிவாக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் அனுப்பிய ஒட்டின் படம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. குணசேகரன் எடுத்தவுடன், அடுத்த கட்டமும் நீதானே என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, இதைத் தெருவில் யார் யாரிடம் சொல்லியாகிவிட்டது என்பதையும் சொன்னான். பிறகு போன் சுப்பராயன் கைக்குப் போனது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"ஏம்மா, ஓரத்தை மடிக்கவே இல்லியே."

"மடிச்சா கிழியுதுப்பா."

"எங்க செக்கிங்ல இதைப் பாத்தா மூஞ்சியிலயே திருப்பி அடிச்சிருப்பான்" என்றார் சுப்பராயன். பிறகு, "அந்தப் பை தாங்குதா?" என்று கேட்டார்.

பை தாங்குகிறது என்றாள் எழிலரசி.