கேட்காமல் எழுதிய அட்டைகள்

ஆரோக்கியசெல்விக்கு எதையும் எழுதி வைத்தால்தான் மனசு ஆறும். பி.யூ.சி. முடித்த கையோடு அப்பா போய்ச் சேர்ந்துவிட, காரைக்கால் கடைத்தெருவில் தெட்சிணாமூர்த்தியின் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அது எழுபத்தாறாம் வருஷம். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து தட்டிப்போனது. அம்மாவும் அவளுமாக மாதா கோயில் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

கடையில் அந்த அட்டைகளை ஆரம்பித்தது அவள்தான். காரைக்கால்மேட்டிலிருந்து செல்லக்கண்ணு என்று ஒரு மீனவர் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வருவார். ஒருநாள் டாக்டர் சீட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு படகு தள்ளியிருக்கிறார். நனைந்து, மை கரைந்து, ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. மாத்திரையின் பெயரும் அவருக்குத் தெரியாது. "வெள்ளையா, வட்டமா இருக்கும்மா" என்றார். கடையில் பாதி மாத்திரை வெள்ளையாகவும் வட்டமாகவும்தான் இருந்தன. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, எழுதி வாங்கி வர அவருக்கு ஒரு பொழுது போயிற்று.

அன்றே செல்வி தடித்த காகிதத்தைச் சதுரமாக நறுக்கினாள். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை. பெயர், விலாசம், டாக்டர், என்ன வியாதி, என்ன மாத்திரை, எப்போது தீரும். பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் அகரவரிசையில் அடுக்கினாள். ஆறு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்ந்தன. யாராவது வந்து வாய் திறப்பதற்குள் மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். "சொல்லவே வேணாம் போலிருக்கே!" என்று சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கும் பெருமைதான். தன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எழுதலாமா என்று அவளும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டு ஐப்பசியில், மதராஸிலிருந்து ஒரு வைத்தியசாலையின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். சிரித்த முகம், தோல் பை. "உங்க வாடிக்கைக்காரங்களுக்குப் பொங்கலுக்கு காலண்டர் அனுப்பறோம். விலாசம் மட்டும் குடுங்க. காலண்டர்ல உங்க கடைப் பேரும் இருக்கும்" என்றார். முதலாளி தலையாட்டினார். செல்வி பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, கூட்டத்தைக் கவனிக்கப் போனாள். இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்து எழுதினார். நடுவில் அவள் அவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தாள்.

பொங்கல் போயிற்று. காலண்டர் வரவில்லை. தை கடைசியில் நடராசன் சார் வந்தார்.

கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். மனைவி இறந்தபின் தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருந்து, பாண்டிச்சேரி டாக்டரிடம் காட்டி, இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். அன்று அவர் மாத்திரை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ வைத்தியசாலையின் மருந்து விளம்பரம், அச்சடித்த கார்டு. 'சித்தப் பிரமை, மனக்கோளாறால் அவதியுறும் அன்பரே' என்று ஆரம்பித்தது. கீழே அவருடைய பெயர், பள்ளிக்கூடத்து விலாசம்.

"போஸ்ட்மேன் இதை ஹெட்மாஸ்டர் மேஜையில வச்சிட்டுப் போயிட்டாரும்மா" என்றார். "எல்லாரும் படிச்சிட்டாங்க. இந்தக் கடையைத் தவிர நான் வேற எங்கயும் மருந்து வாங்கினதில்ல. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு..."

செல்விக்குத் தோல் பைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது கண்முன் வந்தது.

"தெரியலையே சார்" என்றாள்.

அவர் கார்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கார்டு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மற்றவை? காசநோய்க்காரர்கள், குஷ்டத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் கர்ப்பத்தடை மாத்திரை வாங்குகிற பெண்கள். பதினான்கு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். கடைசியாக எடுத்ததில், 'அல்லி, வலிப்பு' என்று இருந்தது. விலாசத்தில் கோயில்பத்து அடிக்கப்பட்டு, பூவம் என்று எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் அல்லிக்குக் கல்யாணமானபோது, செல்வி தானாகவே கேட்டுத் திருத்திய விலாசம் அது.

முதலாளியிடம் சொன்னாள்.

"நாமளா போய்ச் சொன்னாத்தான் தெரியும் செல்வி. பேசாம இரு. கடை பேரு கெட்டுடும்."

"அவங்க பேரு கெடுதே சார்."

அவர் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை.

தபால் நிலையத்தில் கல்யாணசுந்தரி என்ற குமாஸ்தா அவளுக்குப் பழக்கம். இந்த மாதிரி கார்டுகளைக் கொடுக்காமல் நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"அடுத்தவங்க தபாலை நீ நிறுத்த முடியாதுடி. யாருக்கு வருதோ அவங்க எழுதிக் குடுக்கணும், நானே வந்து வாங்கிக்கறேன், வீட்டுல குடுக்காதீங்கன்னு."

அப்படியென்றால் பதினான்கு பேரையும் நேரில் பார்க்க வேண்டும். டவுனில் இருந்த ஐந்து பேரை இரண்டு நாளில் பார்த்துவிட்டாள். ஒருத்தி திட்டினாள். ஒருவர் சிரித்தார், பயத்தில். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பூவத்துக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. மருந்துக்கடையிலிருந்து வருகிறேன் என்று அந்த வீட்டில் சொன்னாலே போதும், கார்டே தேவையில்லை.

வாசலில் அல்லியின் மாமியார் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா வேணும்?"

"அல்லிகூடப் படிச்சேங்க..." என்று ஆரம்பித்தவள், அந்த அம்மாள் தன்னை ஏற இறங்கப் பார்ப்பதைக் கண்டு, "தையல் கிளாஸ்ல" என்று சேர்த்துக்கொண்டாள். அல்லியைவிட செல்விக்கு ஐந்து வயது கூடுதல்.

உள்ளேயிருந்து வந்த அல்லி அவளைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சமாளித்து, "வாங்கக்கா, தண்ணி குடிங்க" என்று கொல்லைப்புறத்து அடிபம்புக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் அடிக்கிற சத்தத்தில் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, தோல் பைக்காரர், கார்டு. தயாராக எழுதி வந்திருந்த தபால் நிலையத்துக் கடிதத்தை நீட்டினாள்.

அல்லி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"போஸ்ட் மாஸ்டர் எங்க மாமனாருக்கு வேண்டியவருக்கா. இதைக் குடுத்தா அன்னிக்கே கேட்டு அனுப்புவாரு." பம்பை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். "நாலு வருஷமா எனக்கு வலிப்பு வரவே இல்ல. அம்மா சொல்லாதேன்னாங்க, சொல்லல. அதை நீங்க எழுதி வச்சிருக்கீங்களே, எழுதலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

செல்வி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க போங்க. எங்க வீட்டுக்காரருகிட்ட நானே சொல்லிக்கறேன்."

திரும்பும்போது கோட்டுச்சேரியில் இறங்கி நடராசன் சார் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்தவரிடம் உட்காராமலேயே சொன்னாள். "அன்னிக்குத் தெரியலைன்னு சொன்னது பொய் சார். நான்தான் பெட்டியைத் தூக்கிக் குடுத்தேன்."

அவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "என் அட்டை எங்க?" என்று கேட்டார். பைக்குள் பதினான்கும் இருந்தன. அவருடையதை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் படித்தார். "தூக்கம் பரவால்ல, முகம் தெளிவா இருக்குன்னுகூட எழுதியிருக்கியே" என்றார். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, போய்ட்டு வாம்மா" என்று கதவைச் சாத்தினார்.

மீதி ஏழு பேரையும் அந்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் அல்லி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மாத்திரை தீர்ந்திருக்குமே, நிறுத்திவிட்டாளோ, வலிப்பு வந்து எங்காவது விழுந்து கிடக்கிறாளோ என்று செல்வி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் அல்லி தன் புருஷன் பாலகுருவோடு வந்தாள். அவன்தான் சீட்டை நீட்டினான். "இவங்க பேருக்கு இங்க ஒண்ணும் எழுத வேணாங்க. சீட்டை நாங்களே கொண்டாறோம்." அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கியபின் அல்லி ஒரு நிமிஷம் நின்றாள். "பத்து நாள் பேசலக்கா. அப்புறம் பேசினாரு. நடுவுல நாகப்பட்டினத்துல வாங்கிக்கிட்டோம். அந்தக் கார்டு அவரு கையிலதான் வந்துது, கிழிச்சுப் போட்டுட்டாரு. அத்தைக்கு இன்னும் தெரியாது."

அந்த வருஷமே செல்வி பழைய அட்டைகளுக்கு ஒரு முடிவுகட்டினாள். வருகிறவர்களிடம் அவரவர் அட்டையைக் கையில் கொடுத்து, "இப்படி எழுதியிருக்கேன். வச்சிக்கவா, கிழிச்சுடவா?" என்று கேட்டாள். பலபேர் வைத்துக்கொள் என்றார்கள். செல்லக்கண்ணு, "எல்லாத்தையும் எழுது தாயி, மீன்காரனுக்கு என்ன ரகசியம்" என்றார். சிலர் மாத்திரை பெயர் போதும், வியாதி வேண்டாம் என்றார்கள். சிலருக்குப் பெயரே இல்லாமல் நம்பர் மட்டும் போட்டு, அந்த நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து பேர் அங்கேயே வாங்கிக் கிழித்தார்கள். கிழித்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நேரமாயிற்று. முதலாளி முணுமுணுத்தார், ஆனால் பெட்டிக்குப் பதில் பூட்டு வைத்த மேஜை டிராயர் ஒன்று வாங்கிப் போட்டார். கேட்டு எழுதும் வழக்கத்தை செல்வி அந்தக் கடையில் இருந்தவரை விடவில்லை.

நடராசன் சாருக்கு ஆனி மாதம் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாயிற்று. அவராகக் கேட்டு வாங்கினாரா, பிள்ளைகளின் பெற்றோர்கள் புகார் எழுதிப் போட்டு மாற்றினார்களா என்று இரண்டு விதமாகவும் சொன்னார்கள். அவர் அதற்குப்பின் கடைக்கு வரவில்லை. வேறெங்கோ மருந்து வாங்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கடையில் அவரைக் கேட்டு எழுதுகிறார்களா, கேட்காமல் எழுதுகிறார்களா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பது செல்விக்குத் தெரியவில்லை. போய் விசாரிக்கவும் தனக்கு உரிமையில்லை என்று பட்டது.