படத்துக்கு மட்டும் வண்டி

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சூம்பிய இடது காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரின் வார்களைக் கீழிருந்து மேலாக மாட்டினேன். மேலிருந்து தொடங்கினால் முழங்காலில் கடிக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை கிடைத்தது. மடியில், முந்தைய நாளே இஸ்திரி போட்டு வைத்த பட்டுப்புடவையின் முந்தானை. பழிவாங்கப் போகிறவள் கசங்கிய புடவையில் போகக்கூடாது.

யாருக்காகப் போகிறேனோ, அவள் மாமல்லபுரம் கடற்கரையில் கிளிஞ்சல் மாலை விற்கும் பெண். இரண்டு கால்களும் சூம்பியவை. கைகளில் செருப்பை மாட்டி, உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்வாள். யாரும் எழுதாதவர்களைப் பற்றி நான் ஒரு பத்திரிகையில் எழுதும் பகுதிக்காகத்தான் முதலில் அவளிடம் பேசினேன்.

போன வருடம் ஊர்ப் பிரமுகர் ஒருவர் தன் பிறந்தநாளுக்கு நான்கு பேருக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி கொடுத்தார். நான்கு பேர், ஒரே வண்டி. உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றுவார்கள். அவள் படமும் நாளிதழில் வந்தது; வண்டி வீட்டுக்கு வரவில்லை. தெருவில், "வண்டிய வித்துத் துன்னுட்டா" என்றார்கள். அரசு வண்டி கேட்டுப் போனபோது அலுவலகத்தில் அந்தப் படத்தையே காட்டி, "ஏற்கெனவே வாங்கிட்டீங்களேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் எழுதினேன். பிரமுகர் தொலைபேசியில் சிரித்தார். "நன்றி கெட்ட ஜனங்க மேடம்." இந்த வருடப் பிறந்தநாள் விழாவுக்கு என்னையே சிறப்பு விருந்தினராக அழைத்தார். ஒரு பொன்னாடையில் என் வாய் அடைபட்டுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். குழைந்து பேசினேன். அவளுக்கே மறுபடி என் கையால் கொடுத்தால் ஊர்ப்பேச்சு அடங்கும் என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மண்டப வாசலில் அவள் காத்திருந்தாள்.

"இன்னாக்கா, படம் புடிச்சதும் எறங்க சொல்லுவானுங்களே?"

"இறங்காத."

"கையப் புடிச்சி இஸ்தா?"

"கடி."

"அய்ய, யாரு வாயில யாரு கை! அப்பறம் எனக்குத்தான் ஊசி போட்டுக்கணும்."

இந்த முறையும் நான்கு பேருக்கு மேடைக்கு முன்னால் ஒரே வண்டிதான் நின்றது. கைப்பிடியில் ரிப்பன். அவள் ஏறினாள். பிரமுகர் கும்பிட்டபடி நிற்க, படம் எடுத்தார்கள். ஒருவன் அவள் தோளைத் தொட்டு, "எறங்கும்மா, அடுத்தவங்க வரணும்" என்றான். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"ஐயா கொடுத்த வண்டியிலேயே இவங்க வீட்டுக்குப் போறாங்க. எல்லாரும் கை தட்டுங்க!"

மண்டபம் முழுக்கத் தட்டியது. கேமராக்கள் திரும்பின. அத்தனை வருடம் உடம்பைச் சுமந்த கைகள் அவை. ஒரு சுற்றில் வண்டி நகர்ந்துவிட்டது. வழியை மறித்தவனிடம், "ஓரம் போ அண்ணாத்த, பிரேக்கு எங்க கீதுன்னு தெரியல" என்றாள். அவன் ஒதுங்கினான். ரிப்பன் பறக்க வாசலைத் தாண்டிச் சாலையில் திரும்பினாள்.

பிரமுகர் என் காதருகே பல்லைக் கடித்தார். "மேடம், அது நாளைக்கு வேற ஊர் ஃபங்ஷனுக்குப் போற வண்டி."

நான் மைக்கை விடவில்லை. அடுத்த பெயரைப் படித்தேன். காலில்லாத பெரியவர் ஒருவர் தரையில் நகர்ந்து முன்னால் வந்தார். "ஐயா, இவரோட வண்டி எங்க?" என்று மைக்கிலேயே கேட்டேன். யாரும் தட்டவில்லை. பிரமுகரின் கழுத்து மாலைக்குள் வியர்த்தது. அந்த வியர்வையை நான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு வருடம் காத்திருந்தது அதற்காகத்தான்.

"வந்துகிட்டே இருக்கு," என்றார் கடைசியில். அதையும் கேமராக்கள் எடுத்துக்கொண்டன.

திரும்பும் வழியில், எனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்து என் ஊன்றுகோலின் அக்குள் கட்டையில் சுற்றினேன். மெத்தென்று இருந்தது.

புதன்கிழமை காலை, காலிப்பர் மாட்டுவதற்கும் காபிக்கும் முன்பே, படுக்கையில் உட்கார்ந்தபடி பிரமுகருக்குத் தொலைபேசினேன்.

"வணக்கம் ஐயா. மீதி மூணு வண்டி எங்க வந்துகிட்டு இருக்கு?"