கூடைக்குள் வளர்ந்த டைகர்

பொன்னாயிக்கு அந்த நாயைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நாயா அது? ஆள் வந்தால் குரைக்க வேண்டியது, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடிவந்து அவள் பாதத்திலேயே மூத்திரம் பெய்துவைக்கும். அதுவும் சுடச்சுட. பஸ் ஹாரனுக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், மரத்திலிருந்து பலா விழுந்தால் அரை நாள் கட்டிலடியை விட்டு வராது. இந்த லட்சணத்துக்கு டைகர் என்று பெயர் வேறு.

மலைமேல் வளப்பூர் நாட்டில் மற்ற வீடுகளை விட்டுத் தள்ளி ஒண்டியாக நிற்கிறது அவள் வீடு. புருஷன் கருப்பண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் திருப்பூரில் வாழ்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடிதான் பொன்னாயிக்குச் சோறு போடுகிறது.

போன தை மாதம் பட்டப்பகலில், அவள் வாசலில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருக்கும்போதே, எவனோ பின்பக்கம் ஏணி சாய்த்து ஏழு மரத்து மிளகையும் உருவிக்கொண்டு போய்விட்டான். பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. அவளுடைய வலது காது செத்த காது, முப்பது வருஷமாக. இடது காதும் வயசுக்கு மந்தமாகிவிட்டது. வருகிற தையிலும் அப்படிப் போனால் மகள் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியதுதான்.

நாய் வளர்க்கும் யோசனை தம்பி சின்னுசாமியுடையது. முள்ளுக்குறிச்சியிலிருந்து அவனே குட்டியைக் கொண்டுவந்தான். வளர்க்கும் முறையையும் அவனே சொன்னான்.

“கோழிக்கூடைய மேல கவுத்துப் போடுங்க்கா. மூணு மாசத்துக்கு மனுச மூஞ்சியே அது கண்ணுல படக்கூடாது. தொட்டுக் கொஞ்சாதீங்க. அப்பப்ப கூடையத் தட்டி நாலு போடுங்க. அப்பத்தான் ஆளக் கண்டா பாயும்.”

பொன்னாயி அப்படியே செய்தாள். கூடையைக் கவிழ்த்தாள், மேலே அம்மிக்குழவியையும் வைத்தாள். உள்ளே அது முனகினால் விளக்குமாற்றால் தட்டினாள். வெளியே விட்டபோது மூத்திர நாற்றத்தோடு, கண்ணில் பீளையோடு, மூன்று மாதப் பயத்தையும் சுமந்துகொண்டு வந்தது. வரும்போதே தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாகிற மாதிரி ஏன் நடக்கிறது இந்தச் சனியன் என்றிருந்தது.

கார்த்திகையில் மிளகுச் சரம் திரள ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பாதத்தில் சூடாக ஒழுகியது. “சீ, சனியனே!” என்று காலை உதறிவிட்டுத் திரும்பினால், வலது பக்கம் சின்னுசாமி நின்றுகொண்டிருந்தான். வண்டியை வேலிப்படலுக்கு வெளியே நிறுத்தியிருந்தான். அக்குளில் ஒரு சாக்கு.

“இது தேறாதுங்க்கா. சாக்குல போட்டுக் கீழ கொண்டுபோய் விட்டுடறேன். வேற குட்டி சொல்லி வெச்சிருக்குது.”

“கொண்டுபோ. பாக்கவே அருவருப்பா இருக்குது.”

வாசலில் கிடந்த கட்டிலடிக்கு ஓடிய நாயை அவன் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. “நாயின்னா அடிக்குத்தான் அடங்கும்” என்று சொல்லி, படலில் ஒரு குச்சியை உருவி ஓங்கினான்.

நாய் ஓடவில்லை. கத்தவும் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடி விழட்டும் என்று காத்திருந்தது.

பொன்னாயியின் கையிலிருந்து கிழங்கு நழுவியது. அந்தச் சாய்ப்பு அவளுக்குத் தெரியும். கருப்பண்ணன் கை ஓங்கும்போதெல்லாம் அவளும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கத்தைக் கொடுப்பாள். கெட்டுப்போன காது கெட்டதாகவே இருக்கட்டும், நல்ல காது தப்பட்டும் என்று. அந்தக் காதில் ரத்தம் வந்த மறுநாள் இதே சின்னுசாமி வந்திருந்தான். வீங்கிய கன்னத்தைப் பார்த்தான். கோழிக்குழம்பு தின்றான். “மச்சான் கோவக்காரரு, நீங்கதான் பாத்து நடந்துக்கோணும்” என்று சொல்லிவிட்டு, ஏப்பம் விட்டபடி பஸ் ஏறினான். அந்த ஏப்பம் இப்போது மூக்கில் அடித்தது. அதைவிட, விளக்குமாறு பிடித்த தன் கைதான் அவளுக்கு அதிகம் நாறியது. சீ, நானுமா என்று நினைத்தாள்.

எழுந்து போய்க் குச்சியைப் பிடுங்கினாள்.

“சின்னு, நீ வந்தது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கற?”

“வண்டிச் சத்தங் கேட்டிருக்கும்.”

“எந்தக் காதுல?”

அவன் கண் அவளுடைய வலது காதுக்குப் போனது.

“காலு நனைஞ்சுது, திரும்புனேன். எவன் வந்தாலும் இது ஓடியாந்து எனக்குச் சொல்லீரும். கத்தறத நான் கத்திக்கறேன். சாக்க எடுத்துட்டுப் போ.”

“ஏனுங்க்கா, ஒரு நாய்க்கோசரம்...”

“போடா!” அந்தக் குரலை அவள் வாயிலிருந்து சின்னுசாமி கேட்டதே இல்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பொன்னாயி காலைக் கழுவினாள். நாற்றம் லேசில் போகவில்லை. இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். நாய் இன்னும் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தது. தொடப் போனால் நடுங்குமே என்று தொடவில்லை. மூலையில் கிடந்த கோழிக்கூடையை எடுத்துக் காலடியில் போட்டு மிதித்து, சிம்புசிம்பாகப் பிய்த்து, கிழங்கு வேகவைக்க மூட்டியிருந்த அடுப்பில் செருகினாள்.