ரோஸ் தாள் ராணி

அரியலூர் கடைத்தெரு அச்சகத்தில் மரக்கட்டையில் படம் செதுக்கிய அரியமுத்துவுக்குப் பாட்டு வராது, தாளம்கூடப் பிடிபடாது. ஆனாலும் எந்தப் பாட்டுக்கு எந்த நிறம் என்று அந்த வட்டாரத்துக்கே முடிவு செய்தவர் அவர்தான். நாடகமென்றால் ரோஸ் தாள், கிரீடம் வைத்த ராணி. கச்சேரியென்றால் மஞ்சள் தாள், ஓரத்தில் தம்பூரா. பஜனைக்குப் பச்சை. தா.பழூர் வரைக்கும் எழுத்தறியாத சனங்களும் நோட்டீஸைத் தூரத்தில் பார்த்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவார்கள். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த ராணி வேறு யாருமில்லை, நாடகக்காரி பஞ்சவர்ணம். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கட்டை அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் பஞ்சவர்ணம் அச்சகத்துக்கு வந்தாள். நாடகமில்லாத நாட்களில் தஞ்சாவூர் போய் முறையாகச் சங்கீதம் கற்றிருந்தாள். பெரம்பலூர் கொட்டகையில் முதல் கச்சேரி. இது எடுபட்டால் இனி வேஷம் கட்டப்போவதில்லை என்றாள்.

"அண்ணே, மஞ்சத் தாள்ல போடுங்க. கிரீடம் வேணாம், தம்பூரா போதும்."

சரியென்று தலையாட்டினார். அவள் போனபிறகு மனசு கேட்கவில்லை. கச்சேரிக்கு இந்தப் பக்கம் நாலு பேர் தேறினால் அதிகம். முதல் நாளே அந்தப் பெண் காலிக் கொட்டகையில் உட்கார வேண்டுமா? ரோஸ் தாள் என்றால் கூட்டம் அள்ளும். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். தன் ராணியை விட மனசில்லை என்பதும் உண்மை. அதை அப்போது தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவளிடம் காட்டாமலே, 'கச்சேரி' என்று பெரிதாகப் போட்டு, மேலே ராணியை ஏற்றி, ரோஸ் தாளில் அடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்.

கூட்டம் அள்ளத்தான் செய்தது. அரும்பாவூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அரியமுத்துவும் போயிருந்தார். திரை விலகியதும் பஞ்சவர்ணம் நூல் சேலையில் தம்பூராவோடு உட்கார்ந்திருந்தாள். ஆலாபனை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சலசலப்பு. முன்னால் இருந்த ஒரு குடியானவர் நோட்டீஸோடு எழுந்தார்.

"படத்துல இருக்கற ராணி எப்பம்மா வரும்?"

கேலியில்லை. பாவம், தெரியாமல்தான் கேட்டார்.

பஞ்சவர்ணம் அந்த ரோஸ் தாளைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற அரியமுத்துவைப் பார்த்தாள். தம்பூராவைக் கீழே வைத்துவிட்டு நாடகப் பாட்டாகவே பாடினாள். கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. அரியமுத்துவுக்கு அங்கே நிற்கவே கூசியது.

ஊர் திரும்பியதும், தம்பூரா ஏந்திய பஞ்சவர்ணத்தைச் செதுக்க உட்கார்ந்தார். அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அடுத்த கச்சேரிக்கு வருவாள், மன்னிப்புக் கேட்டு இதைப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தார்.

தை பிறந்ததும் வந்தாள். கட்டையை நீட்டினார். விரலால் தடவிப் பார்த்தாள். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

"நல்லா இருக்குண்ணே. ஆனா இப்ப நடக்கப்போறது நாடகந்தான். எப்பவும் போடற ரோஸ் தாள்லயே போடுங்க."

ராணியை எடுத்து மை தடவினார். தம்பூராக் கட்டையில் கடைசிவரை மை படவில்லை.