பாட்டுக்குப் பதில் தவளை

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அரங்கம். முன்வரிசையில் அவன், பின்வரிசையில் நானும் என் மனைவியும், திரையில் எங்கள் பஞ்சாயத்து யூனியன் சேர்மன்.

அவனும் நானும் தச்சநல்லூரில் ஒரே ஸ்டுடியோவில் கேமரா பழகியவர்கள். அவன் சென்னைக்குப் போய் ஆவணப்படக்காரன் ஆனான். நான் கல்யாண வீடியோக்காரனாக இங்கேயே நின்றுவிட்டேன். சேர்மன் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான்தான். அந்த ஒரு வீட்டைச் சொல்லித்தான் ஊரில் மற்ற வீடுகளைப் பிடித்தேன். அந்தச் சேர்மன், தூர் வாராத வாய்க்காலுக்குத் தூர் வாரியதாகக் கணக்கெழுதிச் சிக்கிக்கொண்டார். உடனே இவன் கேமராவோடு வந்து இறங்கிவிட்டான்.

அப்படி என்ன பெரிய வித்தை என்று பார்க்கத்தான் அவன் படத்துக்குப் போனேன். கேள்வி கேட்கிறான், சேர்மன் பதில் சொல்கிறார், பதில் முடிகிறது. நானாக இருந்தால் அங்கேயே வெட்டிவிடுவேன். இவன் வெட்டவில்லை. கேமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் துண்டைச் சரிசெய்கிறார். தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமலே கீழே வைக்கிறார். மனுஷன் சொன்னது பொய் என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்து வந்தது நான் எடுத்த காட்சி. அவர் புது வீட்டுப் பால்காய்ப்பில், மாலையும் சிரிப்புமாக அவர் நடந்து வருவதை ஸ்லோமோஷனில் பிடித்திருந்தேன். அதை அவரே தன் முகநூலில் போட்டிருந்தார். அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று இவன் போனில் கேட்டபோது, நானும் பெரிய மனதோடு எடுத்துக்கோ என்றிருந்தேன். நான் சேர்த்திருந்த பாட்டைத் தூக்கிவிட்டு, தூர்ந்த வாய்க்காலில் தவளை கத்தும் சத்தத்தைப் போட்டிருக்கிறான். அவ்வளவுதான். நான் ராஜாவாகக் காட்டிய ஆள் அதே நடையில் திருடனாக வந்துகொண்டிருந்தார். நோகாமல் நுங்கு தின்றுவிட்டானே என்று ஆத்திரமாக வந்தது. அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதைவிட ஆத்திரம்.

“அந்த இடத்துல எனக்கு உடம்பே சிலுத்துட்டு” என்றாள் மனைவி, பைக்கில் திரும்பும்போது. என் வீடியோ எதைப் பார்த்தும் அவளுக்குச் சிலிர்த்ததில்லை.

படம் யூடியூபில் வந்ததும் சேர்மன் வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். அவர் அவனை வாயாரத் திட்டுவார், பக்கத்தில் நின்று காது குளிரக் கேட்கலாம் என்று போனேன்.

கூடத்து டிவியில் அவர் முகம் பெரிதாக நின்றிருந்தது. பதில் முடிந்து அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் அதே இடம். வாய்க்கால் பேச்சை நானே மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று கையை வீசிவிட்டார்.

“இந்த மூஞ்சியப் பாருலே. இத்தன வருசமா நீயும் எடுக்கத்தான் செய்யுத, ஒரு நாளாவது என்னய இப்படிக் காட்டிருக்கியா?”

அவர் படத்தை ஓடவிட்டு, தான் மாலையோடு நடந்து வருவதை ரசிக்க ஆரம்பித்தார். பாட்டு கீட்டு எதுவும் இல்லாமல் இயற்கையாக இருக்கிறதாம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அதை அவனே எடுக்கட்டும் என்று நம்பர் கேட்டார். கொடுத்தேன்.

“நீயும் கூட வாலே” என்றார். “அவனுக்கு லைட்டுப் பிடிக்க ஆள் வேணும்லா.”

சரி அண்ணாச்சி என்றேன்.